'புல் யுவர்செல்ஃப் டுகெதர்': யாரை, எங்கே இழுப்பது?

சப்டைட்டில் திருத்திக்கொண்டிருந்தபோது ஒருநாள் இப்படி ஒரு வரி என் முன்னால் வந்து நின்றது: "உன்னை நீயே ஒன்றாக இழு." காட்சியில் ஒருத்தி தேம்பித் தேம்பி அழுகிறாள். பக்கத்தில் இருப்பவள் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, 'புல் யுவர்செல்ஃப் டுகெதர்' என்கிறாள். மொழிபெயர்த்தவர் ஒரு சொல்லைக்கூட விடவில்லை. புல் என்றால் இழு, யுவர்செல்ஃப் என்றால் உன்னை நீயே, டுகெதர் என்றால் ஒன்றாக. மூன்று சொல்லும் சரி, வாக்கியம்தான் தப்பு. "மனசைத் தேத்திக்கோ" என்று மாற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். ஆனால் அந்தக் கடைசி 'கோ' என்னை விடவில்லை. ஆங்கிலத்தில் யுவர்செல்ஃப் இருந்ததற்குத் தமிழில் 'உன்னை' வரவில்லை. வினையின் வாலில் ஒரு 'கொள்' வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், இட்செல்ஃப், தெம்செல்வ்ஸ் என்று வரும் இந்தக் கூட்டத்தைத் தற்சுட்டுப் பெயர்கள் என்பார்கள். செய்கிறவரும் செயலுக்கு ஆளாகிறவரும் ஒருவரே என்றால் இதைப் போடு என்று பள்ளி இலக்கணம் சொல்லிக்கொடுக்கும். தப்பில்லை. ஆனால் அது கால்வாசிக் கதை. செல்ஃப் என்ற சொல் என்ன வேலை பார்க்கிறது என்பதை அதற்குப் பின்னால் வரும் சொல்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. அது உள்ளே, வெளியே, மேலே, கீழே என்று திசை காட்டும் சின்ன வினையடையாக இருக்கலாம். விளைவைச் சொல்லும் சொல்லாகவும் இருக்கலாம்.

'கட்' என்ற ஒரே வினையை வைத்துப் பார்ப்போம். 'ஷீ கட் ஹெர்செல்ஃப்' என்றால் கத்தி பட்டுக் கையை வெட்டிக்கொண்டாள். 'ஷீ கட் ஹெர்செல்ஃப் எ பீஸ்' என்றால் தனக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டாள். காயம் ஏதும் இல்லை. 'ஷீ கட் ஹெர்செல்ஃப் ஆஃப்' என்றால் எல்லோரிடமிருந்தும் தன்னைத் துண்டித்துக்கொண்டாள். ஆஃப் போய் ஷார்ட் வந்தால், சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். லூஸ் வந்தால், கட்டை அறுத்துக்கொண்டு விடுபட்டாள். 'ஷீ கட் இட் ஹெர்செல்ஃப்' என்றாலோ, வேறு யாரும் இல்லை, அவளே வெட்டினாள். ஆறு வாக்கியத்தில் முதலாவதில் மட்டும்தான் ரத்தம்.

தமிழ்ப் பக்கத்தைப் பாருங்கள். முதல் ஐந்திலும் 'கொள்' இருக்கிறது, 'தன்னை' ஒன்றே ஒன்றில்தான் வந்தது. செயலின் பலன் செய்தவர் பக்கமே திரும்புகிறது என்பதைக் காட்டத் தமிழுக்குத் தனிப் பெயர்ச்சொல் தேவையில்லை, துணைவினை போதும். கடைசி வாக்கியத்தில் 'கொள்'ளும் கிடையாது, ஒற்றை 'ஏ' வேலையை முடித்துவிட்டது. 'ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்பதற்குச் சரியான தமிழ் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதும் இதனால்தான். அங்கே உதவிக்கும் இடமில்லை, உங்களுக்கும் இடமில்லை. (இதே 'கொண்டு', 'இரு'வோடு சேர்ந்தால் 'வெட்டிக்கொண்டிருந்தாள்' என்று தொடர்ந்து நடக்கும் செயலுக்குப் போய்விடும். அது வேறு கணக்கு.)

காதால் பிரித்தறிய ஒரு வழி உண்டு. 'ஷீ கட் ஹெர்செல்ஃப் ஆஃப்' என்று சொல்லும்போது அழுத்தம் ஆஃப் மீது விழும், ஹெர்செல்ஃப் அடங்கிப் போகும். 'ஷீ கட் இட் ஹெர்செல்ஃப்' என்னும்போது செல்ஃப் ஓங்கி ஒலிக்கும். நம் 'அவளே'யில் ஏகாரம் இழுபடுவது மாதிரி. இந்த அழுத்தச் செல்ஃப் வாக்கியத்துக்குள் இடம் மாறவும் செய்யும். எழுவாயை ஒட்டியும் நிற்கும், கடைசியிலும் நிற்கும். அப்போது அது பெயர்ச்சொல் என்பதைவிட வினையடை போலவே நடந்துகொள்கிறது. எடுத்துவிட்டாலும் வாக்கியம் குலையாது. 'கட் ஹெர்செல்ஃப் ஆஃப்'பில் ஹெர்செல்ஃபை எடுத்துப் பாருங்கள், வாக்கியம் நொண்டும்.

உண்மையில் செல்ஃப் பிறந்ததே அழுத்தம் கொடுக்கத்தான். பழைய ஆங்கிலத்தில் 'அவன் அவனை அடித்தான்' என்பதற்கும் 'அவன் தன்னை அடித்துக்கொண்டான்' என்பதற்கும் ஒரே பெயர்ச்சொல்தான் இருந்தது. யாரை என்பதை இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். குழப்பம் வரும் இடத்தில் 'அவனையேதான்' என்று அடித்துச் சொல்ல செல்ஃபைச் சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்துச் சேர்த்து, சில நூற்றாண்டுகளில் அது கட்டாயமாகிவிட்டது. ஒரே ஆளுக்கு யுவர்செல்ஃப், பலருக்கு யுவர்செல்வ்ஸ் என்ற பிரிவினை நிலைப்பட்டது 16ஆம் நூற்றாண்டில்தான். அவசரமாகக் கட்டிய வீடு என்பதற்கு அடையாளம் இன்னும் சுவரில் தெரிகிறது. மைசெல்ஃப், யுவர்செல்ஃபில் இருப்பது 'என்னுடைய', 'உன்னுடைய'. ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸில் இருப்பது 'அவனை', 'அவர்களை'. ஒழுங்குபடி பார்த்தால் 'ஹிஸ்செல்ஃப்', 'தேர்செல்வ்ஸ்' என்றுதான் இருக்க வேண்டும். வட்டார ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறவர்கள் இன்றும் உண்டு, அவர்களைத்தான் படிக்காதவர்கள் என்கிறோம்.

பழைய முறையின் எச்சம் 1611இல் வெளியான ஆங்கில பைபிளில் கிடைக்கிறது. 'கெட் தீ பிஹைண்ட் மீ' என்று சாத்தானை விரட்டும் வரி. தீ என்றால் உன்னை. இன்றைய கணக்கில் அங்கே 'யுவர்செல்ஃப்' வர வேண்டும். வினை, உன்னை, எங்கே என்ற இடம்: மூன்றும் வரிசையாக நிற்கின்றன. செல்ஃப் என்ற சொல் இந்த இடத்தைப் பிடிப்பதற்கு முன்பே இந்தச் சட்டகம் இருந்திருக்கிறது. செல்ஃப் பின்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்தது.

அந்த நாற்காலி சில சமயம் காலியாகவும் கிடக்கிறது, இதுதான் நம்மை அதிகம் தடுமாற வைப்பது. ஜெர்மனும் பிரெஞ்சும் உட்காருவது, நினைவுகூர்வது போன்றவற்றுக்கும் 'தன்னை' கேட்கும். ஆங்கிலம் அந்தப் பழக்கத்தைப் பெரிதும் உதறிவிட்டது. டர்ன், மூவ், ரோல், சேஞ்ச் எல்லாம் செயப்படுபொருள் இல்லாமலும் வரும், அதோடும் வரும். திரும்பினான் என்றாலும் டர்ன்ட், திருப்பினான் என்றாலும் டர்ன்ட். நமக்குத் திரும்பு-திருப்பு, உருள்-உருட்டு, மாறு-மாற்று என்று ஜோடி ஜோடியாக வினைகள் இருப்பதால், தன்வினையா பிறவினையா என்பது வினையிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் வினை வாய் திறக்காது. பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

குளிப்பது, சவரம் செய்வது, உடுத்துவது போன்றவையும் இப்படித்தான். 'ஹி ஷேவ்ட்' என்றாலே தனக்குத்தான். யாரும் வேறுவிதமாக நினைக்க மாட்டார்கள். அப்படியும் ஹிம்செல்ஃப் போட்டால், அதில் ஒரு முயற்சி தெரியும். ஒரு குழந்தையைப் பற்றி 'கேன் டிரஸ் ஹெர்செல்ஃப் நௌ' என்றால், இனி யாரும் மாட்டிவிட வேண்டாம், அவளே போட்டுக்கொள்வாள் என்ற பெருமை அதில் இருக்கிறது.

'காம்', அதாவது அமைதிப்படுத்து, என்ற வினையில் ஒரு வேடிக்கை உண்டு. பதறும் ஒருவரிடம் 'காம் யுவர்செல்ஃப்' என்று சொல்லலாம். 'காம் டவுன்' என்றும் சொல்லலாம். இரண்டையும் சேர்த்து 'காம் யுவர்செல்ஃப் டவுன்' என்றாலும் சரி. ஆனால் வினையை மட்டும் தனியாக 'காம்' என்று ஏவ முடியாது. செல்ஃபோ டவுனோ, இரண்டில் ஒன்று துணைக்கு வந்தாக வேண்டும். 'சியர் அப்', 'வார்ம் அப்' எல்லாம் இதே குடும்பம். திசைச் சொல் வந்ததும் செல்ஃப் விடுப்பு எடுத்துக்கொள்கிறது. டவுன், அப் என்பவை அடங்கிய நிலை, எழுந்த நிலை என்று முடிவைச் சொல்லிவிடுகின்றன. யாருக்கு என்று கேட்கவே தோன்றாது. தமிழில் 'அடங்கு' என்று ஒற்றை வினை போதும் என்பதால், டவுனை எங்கே மொழிபெயர்ப்பது என்று தேடுவது வீண்வேலை. ஒரு வினை முழுதாக முடிந்ததைக் காட்டும் அப், நம் 'விடு'வுக்கு அண்ணன் முறை. 'ஈட் அப்' என்றால் சாப்பிட்டுவிடு; மேலே பார்த்துச் சாப்பிடச் சொல்லவில்லை.

இனிமேல்தான் விஷயம் ருசிக்கிறது. கத்துவதற்கு ஆங்கிலத்தில் 'ஷவுட்'. அதற்கு ஆள் செயப்படுபொருளாக வராது. 'ஹி ஷவுட்டட் ஹிம்செல்ஃப்' என்றால் அர்த்தமே இல்லை. ஆனால் பின்னால் ஹோர்ஸ், அதாவது தொண்டை கட்டிய, என்ற சொல்லைப் போடுங்கள்: 'ஹி ஷவுட்டட் ஹிம்செல்ஃப் ஹோர்ஸ்.' அப்பழுக்கில்லாத வாக்கியம். தொண்டை கட்டும்வரை கத்தினான். இங்கே அவன் தன்னைப் பார்த்துக் கத்தவில்லை. ஹிம்செல்ஃப் வெறும் இருக்கை. விளைவைச் சொல்லும் ஹோர்ஸுக்கு யார் என்று சாய்ந்துகொள்ள ஒரு இடம். 1983இல் ஜேன் சிம்ப்ஸன் என்ற மொழியியலாளர் இதைப் போலித் தற்சுட்டு என்ற பொருள்பட அழைத்தார். அவர் கவனித்த விதி எளிமையானது: ஆங்கிலத்தில் விளைவுச் சொல் எழுவாயைப் பற்றிக்கொண்டு நிற்காது, செயப்படுபொருளைத்தான் பற்றும். செயப்படுபொருள் இல்லாத வினை என்றால், ஒரு பொய்ப் பொருளையாவது கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

அப்படியானால் 'த லேக் ஃப்ரோஸ் சாலிட்' என்ற வாக்கியத்தில் இட்செல்ஃப் ஏன் வரவில்லை? ஏரி கல்லாக உறைந்தது. உறைவது ஏரி செய்யும் வேலை இல்லை, ஏரிக்கு நடப்பது. எழுவாய் இடத்தில் இருந்தாலும் ஏரி உள்ளூரச் செயப்படுபொருள்தான். அதனால் சாலிட் அதன்மீதே சாய்ந்துகொள்கிறது. கத்துகிறவனோ வேலை செய்கிறவன். அவனுக்கு ஒரு நிழல் தேவைப்படுகிறது. தானாக நடப்பது எது, முனைந்து செய்வது எது என்ற வேறுபாட்டை ஆங்கிலம் வினையின் வடிவத்தில் காட்டாமல், இப்படிச் செல்ஃப் வருகிறதா வரவில்லையா என்பதில் ஒளித்து வைத்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இந்த வகையைத் தமிழாக்கும்போது 'கொள்'ளும் கைவிட்டுவிடுகிறது. 'ஷீ கிரைட் ஹெர்செல்ஃப் டு ஸ்லீப்': அழுது அழுதே தூங்கிப்போனாள். 'தே லாஃப்ட் தெம்செல்வ்ஸ் சில்லி': சிரித்துச் சிரித்து வயிறே புண்ணாகிவிட்டது. 'ஹி வொர்க்ட் ஹிம்செல்ஃப் இன்டு த கிரவுண்ட்': உழைத்து உழைத்து ஓடாய்த் தேய்ந்தான். தமிழ் இங்கே வினையை இரட்டிக்கிறது. அளவுக்கு மீறிச் செய்ததைக் காட்ட ஆங்கிலத்துக்கு ஒரு பொய்ச் செல்ஃப், நமக்கு ஒரு 'அழுது அழுது'. 'அவள் தன்னைத் தூக்கத்துக்கு அழுதாள்' என்று ஒருவர் எழுதினால், அவர் ஆங்கில வாக்கியத்தின் எலும்பை மட்டும் எடுத்து வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

விளைவுச் சொல்லின் வாலையும் கவனிக்க வேண்டும். வினையை ஒட்டி வருகிறதே என்று 'லி' சேர்த்து 'ஹி ஷவுட்டட் ஹிம்செல்ஃப் ஹோர்ஸ்லி' என்று எழுதிவிடுவார்கள். அது நிற்காது. 'லி' எப்படி என்று சொல்லும், என்ன ஆயிற்று என்று சொல்லாது. 'ஹி ஷவுட்டட் ஹோர்ஸ்லி' என்றால் கம்மிப்போன குரலில் கத்தினான். தொண்டை முன்பே கட்டியிருந்தது. 'ஹிம்செல்ஃப் ஹோர்ஸ்' என்றால் கத்தியதால் கட்டியது. முன்னது நிலை, பின்னது பலன்.

இதற்குப் பங்காளி ஒன்றும் உண்டு. செல்ஃபுக்குப் பதிலாக 'ஹிஸ் வே', அதாவது அவன் வழி, என்று வரும். 'ஹி டாக்ட் ஹிஸ் வே அவுட் ஆஃப் ட்ரபிள்' என்றால் பேசியே சிக்கலிலிருந்து தப்பித்துவிட்டான். 'ஹி டாக்ட் ஹிம்செல்ஃப் அவுட் ஆஃப் எ ஜாப்' என்றால் வாயைக் கொடுத்தே வேலையைக் கெடுத்துக்கொண்டான். பேசினான், வெளியே வந்தான் என்பது இரண்டிலும் பொது. வே வரும்போது இடைஞ்சல்களை விலக்கி நடக்கிறான். செல்ஃப் வரும்போது தன்னையே பிடித்து வெளியே தள்ளுகிறான்.

இடவரிசைக்கு வருவோம். 'வேர் அவுட்' என்றால் தேயவை, களைக்கவை. காலணி தேய்ந்தால் 'வேர் த ஷூஸ் அவுட்' என்றும் சொல்லலாம், 'வேர் அவுட் த ஷூஸ்' என்றும் சொல்லலாம். ஆனால் செல்ஃப் வந்துவிட்டால் 'வேர் யுவர்செல்ஃப் அவுட்' ஒன்றுதான். 'கிவ் யுவர்செல்ஃப் அப்' என்றால் சரணடை. 'கிவ் அப் யுவர்செல்ஃப்' என்று யாரும் சொல்வதில்லை. இட், ஹிம், தெம் எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். பெயருக்குப் பதில் வரும் இந்தச் சின்னச் சொற்கள் வினையை ஒட்டியே இருக்கப் பார்க்கும், திசைச் சொல் வால்போலக் கடைசிக்குப் போகும். அப்படியானால் 'லுக் ஆஃப்டர் யுவர்செல்ஃப்' மட்டும் ஏன் முறைமாறி நிற்கிறது என்றால், அங்கே ஆஃப்டர் வினையடை இல்லை, தன் பின்னால் ஒரு பெயரைக் கேட்கும் முன்னிடைச்சொல். 'லுக் த சைல்ட் ஆஃப்டர்' என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதே அதற்குச் சோதனை.

'எப்படி' என்று சொல்லும் வினையடைக்கு இன்னும் கண்டிப்பு. தமிழில் "தன்னைக் கடுமையாகத் திட்டிக்கொண்டான்" என்று 'கடுமையாக' நடுவில் வசதியாக உட்காரும். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் வினைக்கும் ஹிம்செல்ஃபுக்கும் நடுவில் 'ஹார்ஷ்லி'யைச் செருகினால் வாக்கியம் உடைந்துவிடும். வினையின் முன்னால் போடலாம், செல்ஃபுக்குப் பின்னால் போடலாம். நடுவில் மட்டும் கூடாது.

ஒருசில வினைகள் செல்ஃப், வினையடை இரண்டையும் சேர்த்தே கேட்கும். 'அக்விட் ஹிம்செல்ஃப்' என்று நிறுத்தினால் எதிரே இருப்பவர் மீதியைக் கேட்கக் காத்திருப்பார். 'வெல்' என்றோ 'பேட்லி' என்றோ சொன்னால்தான் மூச்சு விடுவார்: சோதனையான நேரத்தில் நன்றாகச் செய்தான், சொதப்பினான். 'பிஹேவ்' இதன் நேர்மாறு. ஹேவ் என்ற வினையோடு 'பி' சேர்ந்து, தன்னை ஒருவிதமாக வைத்துக்கொள் என்ற பொருளில் பிறந்த சொல் அது. முதலில் செல்ஃபோடுதான் வந்தது. இன்று செல்ஃப் இல்லாவிட்டால் நன்றாகவோ மோசமாகவோ எப்படியும் நடந்துகொள்ளலாம். செல்ஃப் வந்தால் ஒரே அர்த்தம்தான். 'பிஹேவ் யுவர்செல்ஃப்' என்பதில் ஒழுங்காக என்ற சொல்லே இல்லை, ஆனால் கேட்கிற பிள்ளைக்கு அது நன்றாகவே கேட்கும். 'என்ஜாய்' விஷயத்தில் நாம் பொதுவாகவே கோட்டைவிடுகிறோம். தமிழில் 'நல்லா என்ஜாய் பண்ணினோம்' என்று முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் அந்த வினைக்கு ஒரு செயப்படுபொருள் வேண்டும். வேறொன்றும் இல்லையென்றால் அவர்செல்வ்ஸாவது வேண்டும்.

செல்ஃப் வரவே கூடாத இடமும் இருக்கிறது. கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினான் என்பதற்கு 'பிஹைண்ட் ஹிம்'தான், ஹிம்செல்ஃப் இல்லை. அவனைச் சுற்றியுள்ள இடம் எங்கே என்றுதான் பேச்சு, அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. தமிழ் அங்கே 'தனக்கு' என்கிறது, ஆங்கிலம் 'அவனுக்கு' என்கிறது. நமக்கு ஹிம்செல்ஃப் போடக் கை துறுதுறுக்கும்.

அதே சப்டைட்டில் வேலையில் பிறகு ஒருநாள் வந்த வரி: 'ஷீ லெட் ஹெர்செல்ஃப் இன்.' கதாபாத்திரம் ஒன்று சாட்சி சொல்லும் காட்சி. லெட் என்றால் விடு, இன் என்றால் உள்ளே. வாக்கியத்தில் கதவு இல்லை, சாவி இல்லை. ஆனால் ஆங்கிலம் கேட்பவருக்கு இரண்டும் கண்ணில் தெரியும்: வீட்டில் இருந்தவர்கள் யாரும் எழுந்து வந்து திறக்கவில்லை, அவளிடம் சாவி இருந்திருக்கிறது, அல்லது கதவு பூட்டாமல் கிடந்திருக்கிறது. கதையின் முடிச்சே அந்தச் சாவியில்தான். "உள்ளே வந்தாள்" என்று வந்திருந்த மொழிபெயர்ப்பில் அது காணாமல் போயிருந்தது. "அவளே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்" என்று எழுதினேன். திரையில் ஒரு வரிக்கு அது கொஞ்சம் நீளம்தான். ஏகாரத்தை எடுத்தால் அடங்கிவிடும், எடுக்க மனசு வரவில்லை.